குவேக் 3 அரேனா: லேன் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பொங்கல் லீவு, மே மாத லீவு வந்தால் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் யார் வீட்டு மாடியிலாவது நாலைந்து கம்ப்யூட்டரைக் கேபிளால் கோத்து, அதாவது லேன் போட்டு, குவேக் 3 ஆடுகிற பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. அங்கே ஒவ்வொரு தடவையும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டோம்.

ஒரு குறிப்பு: கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறோம். விளையாட்டுக்குள் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைக்கோடு வருகிற இடத்தில் அண்டர்ஸ்கோர் போட்டு அடிக்க வேண்டும். கீபோர்டில் எஸ்கேப்புக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம் இருக்கிற பட்டனைத் தட்டினால் கட்டளை அடிக்கிற பெட்டி, அதாவது கன்சோல், இறங்கும். முதல் நாலு எழுத்தை அடித்து டேப்பைத் தட்டினால் மீதிப் பெயரை அதுவே காட்டும். ஸ்பெல்லிங்கை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இது என்ன கேம்ங்க? பப்ஜி மாதிரி துப்பாக்கி கேம்தானே?

துப்பாக்கி கேம்தான், ஆனால் பப்ஜி மாதிரி இல்லை. அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் 1999 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. நாலு பக்கமும் மூடிய ஒரு களம், அதற்குள் இரண்டு பேரிலிருந்து பத்துப் பதினாறு பேர் வரை. செத்தால் அடுத்த நொடியே வேறொரு மூலையில் பிறக்கலாம். ஒருவரை வீழ்த்தினால் ஒரு ஃப்ராக். நேரம் முடியும்போது யாரிடம் ஃப்ராக் அதிகமோ அவர் ஜெயித்தார். கதை கிடையாது, கட்டிடம் கட்டும் வேலை கிடையாது, இருபது நிமிஷம் புல்லுக்குள் படுத்துக் கிடக்கவும் வேண்டாம்.

இருபத்தஞ்சு வருஷத்துப் பழசு. இதைப் போயி இன்னும் ஏன்ணே விளையாடறீங்க?

முதல் காரணம், எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பத்து வருஷமாக ஆடுகிறவரும் இன்று காலையில் மவுஸைத் தொட்டவரும் அதே 125 உயிர், அதே மெஷின் கன், அதே 100 குண்டோடுதான் பிறக்கிறார்கள். லெவல் ஏற்றி வாங்குகிற துப்பாக்கியோ காசு கொடுத்து வாங்குகிற சட்டையோ கிடையாது. நல்ல ஆயுதமெல்லாம் களத்தில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில்தான் கிடக்கிறது. சடுகுடு மாதிரி என்று சொல்லலாம். கோடு போட்ட மண் எல்லாருக்கும் ஒன்று, மூச்சும் காலும் மட்டும் அவரவருடையது.

இரண்டாவது, இங்கே எதுவும் மறைவாக இல்லை. ராக்கெட் நேராகப் பட்டால் 100, ரெயில்கன் 100, சிவப்புக் கவசம் எடுத்த 25-வது நொடியில் திரும்ப வரும். குண்டு எங்கே பாயும் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் மிகக் குறைவு. தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரியும். அதனால்தான் தோற்றவன் எழுந்து போகாமல் 'இன்னொரு மேட்ச்' என்கிறான்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த விளையாட்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆட்டத்தை நடத்துகிற சர்வர் நிரல் விளையாட்டோடேயே வருகிறது. கம்பெனி தன் சர்வரை மூடினாலும், ஊரில் நெட் இல்லாவிட்டாலும், ஒரு நெட்வொர்க் சுவிட்சும் இரண்டு கேபிளும் இருந்தால் ஆட்டம் நடக்கும். 2005 ஆகஸ்டில் என்ஜினின், அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரலின், மூல நிரலையே யாரும் எடுத்துத் திருத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். இன்றைக்கு வருகிற பல ஆன்லைன் விளையாட்டுகள் சர்வரை நிறுத்திய அன்றே செத்துப்போகும். இதற்கு அந்தக் கண்டம் இல்லை.

காசு கொடுத்து வாங்கணுமா, சும்மா கிடைக்குமா? எதை டவுன்லோட் பண்றது?

மூன்று வழி இருக்கிறது. காசில்லாமல் முறையாக வேண்டுமென்றால் ஓப்பன் அரேனா. குவேக் 3-இன் திறந்த என்ஜினை எடுத்துக்கொண்டு படம், ஒலி, களம் எல்லாவற்றையும் ஆர்வலர்கள் புதிதாகச் செய்து சேர்த்தது. ஓட்டம், குதி, ஆயுதக் கணக்கு ஏறத்தாழ அசல் மாதிரியே. ஃபோல்டரை விரித்து அப்படியே ஓட்டலாம், இன்ஸ்டால் தேவையில்லை. லேனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்கிறோம்.

அசலே வேண்டுமென்றால் ஸ்டீம், ஜிஓஜி என்ற ஆன்லைன் கடைகளில் குவேக் 3-ஐ வாங்கி, அதிலிருக்கும் எக்ஸிக்யூட்டபிளை (டபுள் கிளிக் செய்து ஓட்டுகிற கோப்பை) விட்டுவிட்டு ஐஓகுவேக்3 என்ற இலவச என்ஜினைப் போடுங்கள். பேஸ்-கியூ3 ஃபோல்டரில் பேக்0 என்று ஒரு கோப்பு இருக்கும், சுமார் 457 எம்பி. அதையும் கூடவே இருக்கும் பேக்1 முதல் பேக்8 வரையிலான திருத்தக் கோப்புகளையும் காப்பி செய்தால் போதும். பழைய எக்ஸிக்யூட்டபிளை ஏன் விடச் சொல்கிறோம் என்றால், இன்றைய கிராஃபிக்ஸ் டிரைவர்கள் தங்கள் வசதிகளின் பட்டியலை மிக நீளமாகச் சொல்கின்றன. 1999-இல் அதற்கு ஒதுக்கிய இடம் போதாமல் நிரல் தொடங்கும்போதே விழுந்துவிடும். 'டபுள் கிளிக் பண்ணினா வந்துட்டு போயிடுதுண்ணே' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி.

மூன்றாவது குவேக் லைவ். 2010-இல் வந்தது, 2015 வரை இலவசம், இப்போது ஸ்டீமில் காசுக்கு. நெட்டில் ஆட நல்லது. நெட் இல்லாத மாடி லேனுக்கு அவ்வளவு தோதில்லை.

என்ஜின் ஃப்ரீன்னா பேக்0-வும் ஃப்ரீதானே? பிரவுசிங் சென்டர் சிடிலேர்ந்து காப்பி பண்ணி வச்சிருக்கேனே?

இல்லை. நிரல்தான் திறந்தது, படமும் ஒலியும் களமும் இன்னும் உரிமை உள்ள சரக்கு. அந்தக் கால பிரவுசிங் சென்டர் சிடிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒன்று 1.11, ஒன்று 1.17, ஒன்று 1.32 என்று ஆளுக்கொரு பதிப்பாக இருக்கும், ஒன்றோடொன்று பேசாது. ஓப்பன் அரேனாவே நிம்மதி.

கவர்மெண்ட் குடுத்த லேப்டாப்புல ஓடுமா?

ஓடும். 1999-இல் இதற்குக் கேட்டதே 64 எம்பி ராமும் ஒரு 3டி கார்டும்தான். அரசு இலவச லேப்டாப்பில் 2 ஜிபி ராம் உள்ள பழைய மாடலாக இருந்தாலும் தாராளம். அதில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்திருக்கும், ஓப்பன் அரேனாவுக்கு லினக்ஸ் பதிப்பும் இருக்கிறது.

தடுமாறினால் இந்த வரிசையில் குறையுங்கள். முதலில் ஆர்-வெர்டெக்ஸ்லைட்டை 1 ஆக்கி ஆர்-பிக்மிப்பை 2 ஆக்குங்கள், படம் மொழுக்கென்று ஆகும், ஆட்டம் வழுக்கும். பிறகு திரை அளவைக் குறையுங்கள். ஆர்-ஸ்வாப்இன்டர்வல் 0 ஆக இருக்கட்டும், இல்லாவிட்டால் மவுஸ் பின்தங்கினாற்போல் இருக்கும்.

இவ்வளவும் செய்து, முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி அப்புறம் திணறினால் அது செட்டிங் குறையில்லை, சூடு. அறுவடைக் காலத்தில் பறக்கிற வைக்கோல் தூசி ஃபேனுக்குள் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். காற்று போகாமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அடி மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் போய்விடும்.

லேன் போட என்னென்ன வாங்கணும்? வைஃபையில ஆடக்கூடாதா?

8 போர்ட் சுவிட்ச் ஒன்று, ஆளுக்கொரு கேட்-5இ கேபிள். கிகாபிட் வேண்டியதில்லை. ஒரு ஆளுக்கு நொடிக்கு 25,000 பைட்தான் உச்சம், எட்டுப் பேர் சேர்ந்தாலும் 1.6 மெகாபிட். பரணில் கிடக்கிற 100 எம்பிபிஎஸ் சுவிட்சே அதிகப்படி. வைஃபையில் ஆடலாம்தான், ஆனால் பிங் (தகவல் சர்வருக்குப் போய்வர ஆகும் மில்லி நொடி) 3-லிருந்து திடீரென 80-க்குத் தாவும். சராசரி பிங் கூடுதலாக இருந்தால்கூடக் கை பழகிவிடும், தாவுகிற பிங்குக்குப் பழகவே முடியாது.

கேபிள் முனையில் பிளக்கை நீங்களே பொருத்துகிறீர்கள் (கிரிம்ப்) என்றால் நிற வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை-வெள்ளைக்குப் பக்கத்தில் பச்சைதானே வரணும் என்று நினைத்து ஜோடி ஜோடியாக வைத்துவிடுகிறவர்கள் அதிகம். அப்படி வைத்தாலும் லைட் எரியும், பிங்கும் போகும், அதுதான் ஏமாற்று. 3-ஆம் கம்பியும் 6-ஆம் கம்பியும் ஒரே முறுக்கில் வந்தால்தான் இரைச்சல் அடங்கும். பிரிந்து போனால் பாக்கெட் அங்கங்கே விழுந்து, ஆட்டம் விக்கல் எடுக்கும்.

விலை மலிவான கேபிளில் பல நேரம் அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம்தான் இருக்கும். இரண்டு தடவை மடக்கினால் உள்ளே ஒடியும். இன்னொன்று, அறுப்பு முடிந்தால் வயல் எலி வீட்டுக்குள் வரும். தரையோரம் விட்ட கேபிளை அடுத்த லீவில் எடுக்கும்போது தோலை ஒரு தடவை முழுக்கத் தடவிப் பாருங்கள்.

எல்லாத்தையும் கனெக்ட் பண்ணிட்டோம். சர்வரை எப்படித் தொடங்குறது?

சுவிட்சில் ரவுட்டர் இல்லையென்றால் ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள். சர்வருக்கு 192.168.10.1, மற்றவர்களுக்கு 10.2, 10.3 என்று தொடர்ந்து. சப்நெட் எல்லாருக்கும் 255.255.255.0. கொடுக்காமல் விட்டாலும் விண்டோஸ் 169.254 என்று தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். வேலையும் செய்யும், ஆனால் சர்வர் முகவரி என்ன என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கும்.

தனி சர்வர் நிரலை ஓட்டும்போது டெடிகேட்டட் 1 என்று வையுங்கள், லேனுக்கு அது போதும். 2 என்றால் இணையத்துக்கு அறிவிக்கும். ஜி-கேம்டைப் 0 தனித்தனி ஆட்டம், 1 இருவர் மோதல், 3 அணி, 4 கொடி பறிப்பு. டைம்லிமிட் 10, ஃப்ராக்லிமிட் 0, எஸ்வி-மேக்ஸ்கிளையன்ட்ஸ் 8. கடைசியாக மேப் என்ற கட்டளையோடு களத்தின் பெயர். சர்வரை இருப்பதிலேயே மட்டமான கம்ப்யூட்டரில் போடலாம், அதற்குக் கிராஃபிக்ஸே வேண்டாம். நல்ல கம்ப்யூட்டரை ஆடுகிறவருக்குக் கொடுங்கள்.

லிஸ்ட்ல சர்வரே காட்ட மாட்டேங்குது. எனக்கு மட்டும்.

லோக்கல் பட்டியல் 27960 முதல் 27963 வரை நாலு போர்ட்டில் கூவிப் பார்க்கிறது, யாராவது பதில் சொன்னால் காட்டுகிறது. உங்களுக்கு மட்டும் காட்டவில்லை என்றால் முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால். புது நெட்வொர்க்கை அது 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு மூடிவிடும், அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். அடுத்தது, லேப்டாப்பில் வைஃபையும் கேபிளும் இரண்டும் ஓடுவது. கூவல் வைஃபை வழியாகப் போயிருக்கும். வைஃபையை அணையுங்கள்.

பட்டியலோடு மல்லுக்கட்டாமல் கன்சோலில் கனெக்ட் என்று அடித்து சர்வர் ஐபியைக் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. உள்ளே போய் 'பியூர்' என்று ஏதோ சொல்லி வெளியே தள்ளினால், உங்கள் கோப்புகள் சர்வர் கோப்புகளோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒரே பென் டிரைவிலிருந்து எல்லாருக்கும் ஒரே ஃபோல்டரைக் காப்பி செய்தால் இந்தப் பிரச்சினை வரவே வராது. ஓப்பன் அரேனாவை வைத்துக்கொண்டு குவேக் 3 சர்வருக்குள் நுழைய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடுவுல கரண்ட் போனா?

துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவிக்கிற நாளில் லேன் வைக்காதீர்கள், காலையில் போனது சாயங்காலம்தான் வரும். மற்றபடி லேப்டாப் தாங்கும், சுவிட்ச்தான் முதலில் சாகும். அது குடிப்பது சில வாட்தான். அதற்கும் சர்வருக்கும் மட்டும் யுபிஎஸ் கொடுங்கள்.

டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் நம்பாதீர்கள். வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 84 வாட்-அவர். விரயம் போக 150 வாட் டெஸ்க்டாப்பை அது கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. இரண்டு வருஷப் பேட்டரி என்றால் ஷட் டவுன் பண்ணத்தான் நேரம் இருக்கும்.

நாங்க நாலே பேரு. எந்த மேப் போடலாம்?

ஆள் எண்ணிக்கைக்கு மீறிய களத்தைப் போட்டால் ஒருவரை ஒருவர் தேடியே நேரம் போகும். 'போர் அடிக்குதுண்ணே' என்பதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். அசல் விளையாட்டில் இருவருக்கு கியூ3டூர்னி2, கியூ3டூர்னி4. நாலைந்து பேருக்கு கியூ3டிஎம்6. அந்தரத்தில் தொங்குகிற கியூ3டிஎம்17 எல்லாருக்கும் தெரிந்த களம், ஆறு பேருக்கு மேல் கொண்டாட்டம். ஆனால் அது ரெயில்கன் தெரிந்தவரின் ராஜ்யம், புதியவர் பறந்துகொண்டிருக்கும்போதே சுடப்படுவார். முதல் நாளே அதைப் போட்டு ஆளை விரட்டாதீர்கள். ஓப்பன் அரேனாவில் அக்ரெசர் என்ற சின்னக் களத்தில் தொடங்கலாம்.

என் மவுஸ் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. என்ன சென்சிட்டிவிட்டி வைக்கிறது?

எண்ணைக் கேட்காதீர்கள், தூரத்தை அளந்து பாருங்கள். மவுஸை எத்தனை சென்டிமீட்டர் இழுத்தால் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறீர்கள் என்பதுதான் அளவு. மவுஸ் ஒரு எண்ணிக்கை நகர்ந்தால் சென்சிட்டிவிட்டியை 0.022-ஆல் பெருக்கிய டிகிரி திரும்பும். 800 டிபிஐ மவுஸில் (ஒரு அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை) சென்சிட்டிவிட்டி 3 என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 17 செ.மீ. 1.5 என்றால் சுமார் 35 செ.மீ. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நில்லுங்கள். பிறகு ஒரு மாசத்துக்கு அதைத் தொடாதீர்கள். தினமும் மாற்றுகிறவருக்குக் கை பழகவே பழகாது.

சிஎல்-மவுஸ்ஆக்செல் 0 வையுங்கள், விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுங்கள். ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து மறிக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

மே மாதப் புழுக்கத்தில் கை வியர்த்து மவுஸ் பேட் ஊறிப்போகும், கண்ணாடி மேசையில் ஆப்டிகல் மவுஸ் குதிக்கும். பரீட்சை அட்டையில் நோட்டுக்குப் போடுகிற பிரவுன் ஷீட்டைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் அருமையான பேட். ஊறினால் உரித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம்.

எல்லாரும் என்னைவிட வேகமா ஓடறாங்க. ஏதாவது ஹேக்கா?

ஹேக் இல்லை, ஸ்ட்ரேஃப் ஜம்ப். நடை வேகம் நொடிக்கு 320 அலகு (அலகு என்பது விளையாட்டின் தூர அளவு). ஆனால் என்ஜின் உங்கள் மொத்த வேகத்தைப் பார்த்து நிறுத்துவதில்லை. நீங்கள் அழுத்துகிற திசையில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அது 320-க்குக் குறைவாக இருந்தால் கொஞ்சம் சேர்த்துவிடுகிறது. ஆகவே ஓடுகிற திசைக்குச் சற்று விலகிய கோணத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

செய்முறை: டபிள்யூவை விடாமல் பிடியுங்கள். குதிக்கும்போது கூடவே டி-யையும் அழுத்தி, காற்றில் இருக்கும்போது மவுஸை வலப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். தரை தொட்டதும் மறுபடி குதி, இந்தத் தடவை ஏ, மவுஸ் இடப்பக்கம். மாறி மாறி. தரையில் நின்றால் உராய்வு வேகத்தைத் தின்றுவிடும், அதனால் தொட்ட நொடியே எழும்ப வேண்டும். இதற்கு ஒரு வசதி இருக்கிறது: குதித்ததும் ஸ்பேஸ்பாரை விட்டுவிட்டு, காற்றிலேயே மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டால் தரை தொட்ட கணமே தானாக எழும்பும். விடாமல் பிடித்தே இருந்தால் எழும்பாது.

வரும் தவறு எப்போதும் ஒன்றுதான், மவுஸை வெடுக்கென்று திருப்புவது. கோலம் போடும்போது புள்ளியைச் சுற்றிக் கம்பி இழுக்கிற மாதிரி ஒரே சீராக வளைய வேண்டும். நீளமான ஒரு களத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடி, ஸ்டாப்வாட்ச்சில் நேரம் எடுத்துப் பாருங்கள். தினம் பத்து நிமிஷம் என்றால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ராக்கெட், ரெயில், லைட்னிங், எதை எப்ப எடுக்கறது?

தூரத்தைப் பாருங்கள். தூரத்தில் ரெயில்கன்: 100 சேதம், ஆனால் அடுத்த குண்டுக்கு ஒன்றரை நொடி. கிட்டத்தில் லைட்னிங் கன்: 50 மில்லி நொடிக்கு 8, அதாவது விடாமல் பட்டால் நொடிக்கு 160. 768 அலகுக்கு அப்பால் எட்டவே எட்டாது. நடுத்தூரத்துக்கு ராக்கெட். அதன் வேகம் 900 அலகு, எதிரி ஓடுவது 320. உடம்பைக் குறிவைத்தால் அவர் நகர்ந்துவிடுவார். காலடித் தரையைக் குறிவையுங்கள், 120 அலகு தூரத்துக்குள் வெடிப்பு தொடும். கீழே நிற்பவரை மேலிருந்து அடிப்பது சுலபம், மேலே நிற்பவரைக் கீழேயிருந்து அடிப்பது கஷ்டம். மேட்டைப் பிடிக்கச் சொல்வது அதனால்தான். ஷாட்கன்னில் ஒரு வெடிக்கு 11 சன்னம், ஒவ்வொன்றும் 10. மூக்கோடு மூக்கு வந்தால் எதுவும் அதற்கு நிகரில்லை.

கவசம் மூன்றில் இரண்டு பங்கு அடியை வாங்கிக்கொள்ளும். கவசத்தோடு நேர் ராக்கெட் வாங்கினால் 34 உயிர்தான் போகும், கவசமில்லாமல் 100. தன் ராக்கெட்டால் தனக்கு விழும் அடி பாதிதான். ராக்கெட் ஜம்ப் என்பது தன் காலடியில் ராக்கெட் விட்டு, அந்தப் பாதியைக் கட்டணமாகக் கொடுத்து மாடி ஏறுவது.

நான் போகும்போதெல்லாம் கவசம் காலியா இருக்கு. அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது?

அவர் மணி பார்க்கிறார். கவசம் 25 நொடி, மெகா ஹெல்த் 35 நொடி, குவாட் (சேதத்தைப் பெருக்குவது) போன்ற சக்திகள் 120 நொடி. சிஜி-டிராடைமர் 1 வைத்தால் திரையில் கடிகாரம் ஓடும். 4:12-க்கு சிவப்புக் கவசம் எடுத்தீர்களா, 4:37. மனசில் '37' என்று மட்டும் வைத்துக்கொண்டு 4:34-க்கு அங்கே இருங்கள். எதிரி எடுக்கிற சத்தம் கேட்டாலும் கணக்கு அதேதான், அதனால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். இருவர் ஆட்டத்தில் குறி சுமாராக இருந்தும் நேரத்தைச் சரியாகப் பிடிக்கிறவர், நல்ல குறிகாரரை மடக்குவதைப் பார்க்கலாம். குறியை வளர்க்க வருஷமாகும், கூட்டலை இன்றைக்கே செய்யலாம்.

பெயரை நம்பி ஏமாறாதீர்கள்: குவாட் என்றாலும் சேதம் நாலு மடங்கு ஆகாது, இந்த விளையாட்டில் மூன்று மடங்குதான்.

எஃப்பிஎஸ் 125 வைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் 125? 120 ஆகாதா?

என்ஜின் நேரத்தை முழு மில்லி நொடியாகத்தான் எண்ணுகிறது. எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்ற எண், 125 என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 8 மில்லி நொடி. புவியீர்ப்பு நொடிக்கு 800 அலகு, அப்படியானால் ஒரு ஃபிரேமில் குறைய வேண்டியது 6.4. ஆனால் ஒவ்வொரு ஃபிரேம் முடிவிலும் வேகத்தை முழு எண்ணாக்கிவிடுகிறார்கள், 6.4 என்பது 6 ஆகிவிடுகிறது. விளைவு, உங்களை இழுக்கும் ஈர்ப்பு 800 இல்லை, 750. 270 வேகத்தில் எழும்பினால் 45 அலகுச் சொச்சத்துக்குப் பதில் 48 அலகுச் சொச்சம். சில திட்டுகளில் ஏறுவதற்கும் ஏறாமல் விழுவதற்கும் அந்த மூன்று அலகுதான் வித்தியாசம்.

காம்-மேக்ஸ்எஃப்பிஎஸ் 125 வையுங்கள். எல்லார் கம்ப்யூட்டரும் 125-ஐத் தாங்காது என்றால் சர்வரில் பிமூவ்-ஃபிக்ஸ்ட் 1 போடுங்கள், அப்போது எல்லார் குதியும் ஒன்றாகிவிடும். அதுதான் நியாயம்.

நெட்ல சிங்கப்பூர் சர்வர்ல ஆடினா குறி படவே மாட்டேங்குது. பிங் அறுபதுதான் இருக்கு.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. போய் வர 29 மில்லி நொடியாவது ஆகும், எந்தக் கம்பெனியின் ஃபைபரும் அதைக் குறைக்க முடியாது. அதன் மேல் டெல்டாவிலிருந்து சென்னை, நடுவில் ரவுட்டர்கள் என்று சேர்ந்து 60 வருகிறது.

அசல் குவேக் 3-இல் நீங்கள் சுட்டது சர்வரை எட்டும்போது எதிரி எங்கே இருக்கிறாரோ அதுதான் கணக்கு. 320 வேகத்தில் ஓடுகிறவர் 60 மில்லி நொடியில் 19 அலகு நகர்ந்திருப்பார். அவர் உடம்பின் அகலமே 30. அவர் மேலேயே சுடாமல், அவர் ஓடும் பக்கம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உடம்பு தள்ளிச் சுட வேண்டும். ஓப்பன் அரேனாவில் ஜி-டிலாக்ஹிட்ஸ்கேன் 1 என்ற சர்வர் அமைப்பு உண்டு, அது போட்ட இடத்தில் நேராகவே சுடலாம். ராக்கெட்டுக்கு இந்த உதவி கிடையாது.

வீட்டுலேர்ந்து சர்வர் போட்டு வெளியூர் ஃப்ரெண்டைக் கூப்பிடலாமா? போர்ட் ஃபார்வர்ட் பண்ணியும் வரலை.

ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன காட்டுகிறது பாருங்கள். 10 என்றோ, 100.64-லிருந்து 100.127-க்குள்ளோ தொடங்கினால் நீங்கள் பொது முகவரியில் இல்லை. நெட் கொடுப்பவர் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் அவர் வாசல் மூடித்தான் இருக்கும். காசு கட்டி நிலையான ஐபி கேட்கலாம். இல்லாவிட்டால் எல்லார் கம்ப்யூட்டரிலும் டெயில்ஸ்கேலோ ஜீரோடயரோ போட்டுத் தனி வலை அமைக்கலாம். அதில் சர்வர் பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம், முன்னால் சொன்னபடி கனெக்ட் அடித்து ஐபி கொடுங்கள்.

வீட்டுல சின்னப் பிள்ளைங்க பாக்குது. ரத்தத்தை எடுக்க முடியுமா?

காம்-பிளட் 0, சிஜி-கிப்ஸ் 0. ரத்தமும் சதைத் துண்டும் போய்விடும். ஓப்பன் அரேனாவில் சில பெண் பாத்திரங்களின் உடை அரைகுறை. சிஜி-ஃபோர்ஸ்மாடல் 1 போட்டால் எல்லாரும் நீங்கள் தேர்ந்த உருவத்திலேயே தெரிவார்கள். அப்படி ஆக்கிவிட்டாலும் பெரியவர்களுக்கான விளையாட்டுதான் இது.

கம்ப்யூட்டரே ஆடற ஆளுங்களை, அதான் பாட்களை, வருஷக்கணக்கா ஓடவிட்டா அதுங்களே கத்துக்கிட்டு சண்டையை நிறுத்திடும்னு படிச்சேனே?

நல்ல கதை, ஆனால் கதைதான். இந்த பாட்கள் கற்றுக்கொள்வதில்லை. களத்தை முன்கூட்டியே பகுதி பகுதியாகப் பிரித்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து வழி தேடும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு எழுதி வைத்த எடைகள் உண்டு. ஆயிரம் மேட்ச் ஆனாலும் அவை மாறாது. நிஜமாகவே கற்கிற நிரல்களை இந்த என்ஜினில் கொடி பறிப்பு ஆடவைத்தது டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம். சுமார் 4.5 லட்சம் ஆட்டம் ஆடிப் பழகின, 2019-இல் சயன்ஸ் இதழில் வந்தது. அது வேறு சமாச்சாரம்.

பயிற்சிக்கு ஆட்பாட் என்று அடித்து, பெயரும் 1 முதல் 5 வரை ஒரு எண்ணும் கொடுங்கள். 3-இல் தொடங்கலாம். 5-ஆம் நிலையில் குறி மனிதக் கைக்கு ஒவ்வாத அளவுக்குத் துல்லியம். அதோடு ஆடினால் ஓடி ஒளியத்தான் பழகுவீர்கள்.

ஒருத்தனே எப்பவும் ஜெயிக்கிறான், மத்தவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. என்ன பண்றது?

பிளேயர் செட்டிங்கில் ஹேண்டிகேப் என்று ஒன்று இருக்கிறது. அதை 60-க்கு இறக்கினால் அவர் கொடுக்கும் சேதமும் அவருடைய உச்ச உயிரும் அந்த விகிதத்தில் குறையும். அவராகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்கோர் பட்டியலில் எல்லாருக்கும் தெரியாமல் இருக்காது. நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், 60-இல் ஜெயித்தால் பெருமை கூடுதல். மறுத்தால் அணி ஆட்டம் போட்டு, அவரையும் இருப்பதிலேயே புதியவரையும் ஒரே பக்கம் தள்ளுங்கள். கவச நேரத்தை வாயால் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஆட வேண்டிவரும். அதிலேயே அவர் குறி பாதி குறைந்துவிடும்.